நீலக் கோழியும் சுத்த ஜாதியும்

ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியாகிய ஆண்டலூசியாவின் பெயரைத் தாங்கி, இங்கிலாந்துக் கோழிப் பிரியர்களின் கையில் மெருகேறிய ஆண்டலூசியன் கோழியின் இறகொன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தால், மழைக்கு முந்திய மேகத்தின் மங்கிய நீலமும், விளிம்பைச் சுற்றி மை தீட்டினாற்போல் ஓடும் கருங்கோடும் கண்ணைக் கவரும். நீலம் என்பது ஐரோப்பியர் இட்ட பெயர். நம் வீட்டுப் பெண்கள் இதைச் சாம்பல் என்றுதான் சொல்லுவார்கள், அதுவே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வர்ணத்தைச் சுத்தமாகக் காப்பாற்றும் பிரயத்தனத்தில், நீலச் சேவலோடு நீலப் பெட்டையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவந்தவர்கள், குஞ்சு பொரித்த கூட்டில் நீலத்தினிடையே கறுப்பும், வெண்மையில் நீலம் தெறித்தாற்போன்ற திட்டுக் குஞ்சும் கிடக்கக் கண்டு, எங்கோ ரத்தம் கலந்துவிட்டதென மனம் புழுங்கி அவற்றைக் கழித்தார்கள். எத்தனை கழித்தும் அடுத்த ஈட்டில் அவை மறுபடியும் வந்து நின்றன.

பட்டாணிச் செடிகளில் மெண்டல் கண்ட பரம்பரைக் கணக்கை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜ் அறிஞர்களான பேட்ஸனும் பன்னெட்டும் கோழிக்கூட்டுக்குள் கொண்டுவந்த பிறகே இந்த விசித்திரத்தின் காரணம் விளங்கிற்று. இறகின் கருமையை மங்கச் செய்யும் காரணி ஒன்று உண்டு. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் குஞ்சு நீலமாகும், இருவரிடமிருந்தும் வந்தால் கருமை ஏறக்குறைய வெளுத்து அங்கங்கே திட்டாக நிற்கும், எவரிடமிருந்தும் வராவிட்டால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். ஆகையால் நீலமும் நீலமும் கூடினால், சராசரியாக நாலு குஞ்சுக்கு இரண்டு நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று திட்டு. ஒரே ஈட்டில் இக்கணக்கு அப்படியே அமையுமென்று எதிர்பார்க்க வேண்டாம். பத்து முட்டைக்கு எட்டு நீலம் விழுந்து, வளர்ப்பவரை ஏமாற்றவும் கூடும்.

கலப்பே அந்த நிறத்தின் பிறப்பிடமாக இருக்க, நீலத்துக்குச் சுத்த சந்ததி தேடுவது வீண் வேலை. இருந்தும் கண்காட்சிகளின் நியதி நீலத்தை மட்டும் மேடையேற்றுகிறது. “எங்கள் நீலம் ஒருநாளும் மாறாது” என்று சத்தியம் செய்து குஞ்சு விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பண்ணைக்கு நான் போனால், நடுக்கூண்டில் நிற்கும் நீல ஜோடியை விலை கேட்கமாட்டேன். கழிவென்று ஓரத்தில் அடைத்து வைத்திருக்கும் கறுப்புச் சேவல் ஒன்றையும் திட்டுப் பெட்டை ஒன்றையும் பாதி விலைக்கு வாங்கிவருவேன், ஏனெனில் அவ்விரண்டும் கூடிப் பொரிக்கும் குஞ்சுகள், ஒன்று தவறாமல், அத்தனையும் நீலம்.