எம்.டி.எஸ். படிச்சே ஆகணுமா?

பி.டி.எஸ். கடைசி வருஷம் வந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அடுத்து எம்.டி.எஸ். எதுல?" என்பதுதான். "படிக்கப் போறியா?" என்று யாரும் கேட்பதில்லை. வெறும் பி.டி.எஸ். என்றால் ஏதோ படிப்பைப் பாதியில் விட்டது மாதிரி ஒரு பார்வை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படிப்பு 4 வருஷம், சி.ஆர்.ஐ. 1 வருஷம், எம்.டி.எஸ். 3 வருஷம். நடுவில் நீட் தயாரிப்பு என்று வீட்டில் உட்காரும் ஒரு வருஷத்தையும் சேர்த்தால் 9. பிளஸ் டூ முடித்தவன் சொந்தக் காலில் நிற்கும்போது வயசு 27. கல்விக்கடன் தனி!

பிடித்த துறை கிடைத்தால் இத்தனையும் கொடுக்கலாம். இருப்பது 9 துறைகள். ஆனால் ஆளாளுக்குக் கேட்பது ஆர்த்தோ, எண்டோ, சர்ஜரி. மார்க் குறைந்தால் கிடைத்ததில் சேர்ந்துவிடுகிறோம். ஓரல் பேதாலஜி முடித்துவிட்டு, சாயங்காலம் கிளினிக்கில் சொத்தைப் பல் அடைக்கிற சீனியர்கள் உண்டு. பேதாலஜி மட்டமில்லை, ஆசைப்பட்டு எடுத்தவருக்கு அது தங்கம். "ஏதோ ஒரு எம்.டி.எஸ்." என்று எடுத்தவருக்குத்தான் 3 வருஷம் நஷ்டம்.

அப்போ ஸ்பெஷலிஸ்டே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லுக்கும், வேர் வளைந்த கடைவாய்ப்பல்லுக்கும் தனித் தேர்ச்சி வேண்டும். தன்னால் முடியாததில் கை வைக்காமல் அனுப்பிவைப்பதும் ஒரு திறமைதான்.

ஆனால் அனுப்பிவைக்க முதலில் ஒருத்தர் பார்க்கணுமே! பல் சுத்தம் பண்ண வந்தவரின் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டைப் பார்த்து, "புகையிலை போடுவீங்களா?" என்று கேட்கிறவர் பொதுப் பல் மருத்துவர். அந்த ஒரு கேள்வியில் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. தாத்தாவுக்குப் பல்செட், பேரனுக்கு விழாத பால்பல் என்று ஒரு குடும்பத்தையே பார்க்கிறவரும் அவர்தான். சின்ன ஊரில் "ஆர்த்தோ மட்டும்" என்று போர்டு மாட்டினால் பிழைப்பு ஓடுவது கஷ்டம். அதனால்தான் பல ஸ்பெஷலிஸ்டுகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளினிக் கிளினிக்காகப் போகிறார்கள். அவர்களைக் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் ஒரு பி.டி.எஸ்.தான் :)

என் கட்சி இதுதான். சி.ஆர்.ஐ. முடித்ததும் ஒரு நல்ல சீனியரிடம் 2 வருஷம் வேலை பாருங்கள். சம்பளம் குறைவு, பாடம் மறந்துபோகும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் எந்த வேலையில் நேரம் போவது தெரியவில்லை, எந்த வேலைக்குக் கை நடுங்குகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். அதன்பிறகு எம்.டி.எஸ். எடுத்தால், அது உங்கள் முடிவு. இப்போதே எடுத்தால், அது நீட் ரேங்கின் முடிவு.