காயம்பட்ட பிள்ளையைத் தண்டிக்கும் விதி எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் விளையாடுகிற பிள்ளை இருந்தால் கடைசிவரை படியுங்கள்.

நம் கீழக்குயில்குடிப் பக்கத்துப் பெண் பிள்ளை ஒருத்தி, கபடி ஆடுகிறவள். கல்லூரி முதலாம் ஆண்டில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன், பிறகு ஒன்பது மாதம் ஓய்வும் பயிற்சியும். ஒரு சீசன் போயிற்று. செலவு தாங்காமல், வீட்டோடு இருந்து படிக்கலாம் என்று வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். "மாறி வந்த வருஷம் டீமில் எடுக்க முடியாது" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. இரண்டாவது சீசனும் போயிற்று.

"விளையாட்டுதானே, ஒரு வருஷம் போனால் என்ன?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் வாங்கும் சான்றிதழ்தான் மத்திய அரசு வேலைக்கு 'படிவம் 3' ஆகிறது. ரயில்வே வேலை, தமிழக அரசின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு எல்லாமே சான்றிதழை வைத்துத்தான். பாட்டி வளர்த்த நம் சக்கிமங்கலம் ரேவதி, லேடி டோக் கல்லூரியில் படித்து, ஓடி, ரயில்வே வேலைக்குப் போய், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நின்றார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மைதானம் என்பது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோப்பைக்காக மட்டும் ஆளைச் சேர்ப்பது, அடுத்த கல்லூரி வீரனை ஹாஸ்டல், சாப்பாடு காட்டி இழுப்பது எல்லாம் நடக்கிறது. தடுக்கத்தான் வேண்டும். ஆனால் இழுக்கிற நிர்வாகத்தை விட்டுவிட்டு, மாறி வந்த பிள்ளையை உட்கார வைப்பது என்ன நியாயம்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

படிப்புக்கு ஒரு நியாயம், விளையாட்டுக்கு ஒரு நியாயமா? மதிப்பெண் கிரெடிட்டை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகலாம் என்று 2021-இல் 'கிரெடிட் வங்கி' தொடங்கியது இதே நாடுதான். மார்க் மாறலாம், ஆட்டக்காரி மாறக்கூடாதா?

வயதுக் கணக்கும் அப்படித்தான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளில் 25 வயதுதான் எல்லை. பிறந்த தேதிக்கு ஆபரேஷன் தெரியாது. கட்டிலில் கிடந்த வருஷமும் ஆடிய வருஷமாகவே கழிகிறது.

அமெரிக்காவில் கல்லூரி வீரருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் என்பது நெடுநாள் கணக்கு. சீசனின் முதல் பாதியில் காயம்பட்டு, 30 சதவீதத்துக்கு மேல் ஆட்டம் ஆடாதிருந்தால், அந்த சீசனைத் திருப்பிக் கேட்க அங்கே வழி உண்டு. கல்லூரி மாறினால் ஒரு வருஷம் உட்காரவேண்டும் என்பதையும் 2021-இல் முதல் மாற்றத்துக்குத் தளர்த்தினார்கள். 2024-இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் ஆடலாம் என்றார்கள். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம், பாதி வழி போனால் போதும்.

பிள்ளைகளிடம் இவ்வளவு கறாராக இருப்பவர்கள் தங்கள் வேலையில் எப்படி? 2025 ஜூலையில் ஜெர்மனியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில், பேட்மின்டனுக்குப் போன 12 பேரில் 6 பேரின் பெயரை அதிகாரிகள் சரியாகக் கொடுக்கவில்லை. அணிப் போட்டியில் ஆட முடியாமல் அந்த ஆறு பேரும் வேடிக்கை பார்த்தார்கள். தப்பு அதிகாரியுடையது, தண்டனை யாருக்கு?

நான் கேட்பது மூன்றுதான்.

1. அரசு மருத்துவமனை மருத்துவக் குழு சான்று தந்தால், காயத்தில் போன வருஷத்தை வயதுக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

2. முதல்முறை பல்கலைக்கழகம் மாறுபவரை அந்த ஆண்டே ஆடவிட வேண்டும். அடிக்கடி மாறினால் காத்திருக்கச் சொல்லுங்கள்.

3. தகுதி இல்லை என்றால் காரணத்தை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி வேண்டும்.

என்னிடம் படித்தவர்களில் உடற்கல்வி இயக்குநர்கள் இருக்கிறீர்கள், வக்கீல்கள் இருக்கிறீர்கள், ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பிள்ளைக்கு இப்படி நடந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். சேர்த்து ஒரே மனுவாக அனுப்புவோம். அடுத்த சீசன் தொடங்குமுன் அது போய்ச் சேர வேண்டும்.