எடை பார்த்தா மருந்து கொடுக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளின் நெஞ்செரிச்சல் பற்றிய கட்டுரை படித்தேன். மருந்தின் அளவைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருக்கலாம். 'பெரியவருக்கு ஒன்று, பிள்ளைக்குப் பாதி' என்கிற கணக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலுக்குச் செல்லாது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தை 10 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள் இருந்தால் வழக்கமாக நாளுக்கு 10 மில்லிகிராம். 20 கிலோவைத் தொட்டால் 20. அறுபது கிலோ அப்பா விழுங்குவதும் பெரும்பாலும் அதே 20தான்! சிறுவர் உடல் இம்மருந்தை வேகமாகக் கழித்துவிடுவதால் கிலோ கணக்கில் அவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கேப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளே இருக்கும் குருணையைக் கரண்டியால் நசுக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. மேல்பூச்சு போய்விட்டால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

பால் கக்கினாலும் எடை ஏறி, சிரித்து விளையாடும் கைக்குழந்தைக்கோ அமிலம் குறைக்கும் மருந்தே தேவையில்லை. கக்குவது அநேகமாக ஒன்றரை வயதுக்குள் தானாக நின்றுவிடும். பாட்டிமார் சொன்னால் நம்பாதவர்கள் மருத்துவரிடமே கேட்கலாம்.

மருத்துவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சீட்டில் வயதோடு எடையையும் எழுதுங்கள். பெற்றோரே, போன வருடச் சீட்டைக் காட்டி இந்த வருடம் மருந்து வாங்காதீர்கள்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்