மேசையில் தட்டிய தாளம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு பள்ளி ஆண்டு விழாவில் ஒரு மாணவன் கானா பாட ஆரம்பித்தானாம். தலைமையாசிரியர் பாதியிலேயே மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டாராம். "சரியாச் செஞ்சார்" என்றார்கள் எல்லோரும். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

நான் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் ரசிகன். இந்த வயதில் இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகளே சிரிக்கிறார்கள்.

2018 ஜனவரி 6. மார்கழி மாதம், சபாக்களில் கச்சேரி சீசன். என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், கீழ்ப்பாக்கத்துல ஒரு கச்சேரி. நீங்க கண்டிப்பா வரணும் சார். நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." என்ன கச்சேரி என்றுகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் ஒரு பள்ளி மைதானம். அதில் அத்தனை கூட்டம். மேடையில் சாம்பல் நிற சூட் போட்டுக்கொண்டு 19 பேர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். ஒரு பக்கம் கிடாரும் டிரம்ஸும். இன்னொரு பக்கம் பறையும் சட்டியும். ராக், ராப், கானா மூன்றும் கலந்து வந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு, அம்பேத்கரைப் பற்றி ஒரு பாட்டு. மேடையில் பாடியவர்களில் அறிவும் இசைவாணியும் இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்.

முதலில் எனக்குக் காது அடைத்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது ஒரு தாளம் விழுந்தது. எங்கேயோ கேட்ட தாளம். எங்கே என்று ஞாபகம் வந்ததும் உடம்பு குளிர்ந்துவிட்டது.

1994. வடசென்னையில் நான் வேலை பார்த்த பள்ளி, ஐந்தாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒரு பையன் எந்நேரமும் மேசையில் தட்டிக்கொண்டே இருப்பான். ஒருநாள் ஸ்கேலால் அவன் விரல்களில் அடித்தேன். அடித்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "இது என்ன சாவு வீடா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவனுடைய அப்பா சாவு வீடுகளில் வாசிப்பவர் என்பது எனக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். அதன் பிறகு அந்தப் பையன் மேசையில் கை வைக்கவே இல்லை. நான் ஒழுக்கம் கற்றுக்கொடுத்துவிட்டதாகப் பெருமைப்பட்டேன்.

அதே தாளத்துக்குத்தான் அன்று அந்த மைதானமே எழுந்து ஆடியது. அதுவும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். என்னை அழைத்துப்போன மாணவர் திரும்பிப் பார்த்து, "என்ன சார், கண்ணு கலங்குது?" என்றார். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மேசையில் தட்டினால் பாடம் கெடும் என்பது உண்மைதான். ஆனால் அதே வகுப்பில் இன்னொரு பையன் மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்தான். அவனும் தொடையில் தட்டுவான். அவனை நான் அடித்ததில்லை. "நல்லா வருவே தம்பி" என்று தட்டிக்கொடுத்தேன், ஆண்டு விழாவில் மேடையும் ஏற்றினேன். எனக்குப் பிரச்சினை சத்தம்தான் என்று இனி எப்படிச் சொல்வேன்?

இலக்கணப் பாடத்தில் கருப்பொருள் நடத்துகிறோம். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பறையின் பெயரை எழுதினால் மதிப்பெண், பறையின் அடியைத் தட்டினால் பிரம்படி. இந்த முரண்பாடு முப்பது வருஷமும் என் கண்ணில் படவில்லை.

நண்பர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். "கானாவில் குடியும் பெண்களைக் கேலி பேசுவதும்தானே இருக்கு?" அப்படிப்பட்ட பாட்டுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. சினிமாப் பாட்டில் இல்லையா? அதற்குப் பிள்ளைகளை ஆட வைத்து நாமே ஆண்டு விழாவில் கைதட்டுகிறோமே! ஆண்களே பாடிவந்த கானாவை ஒரு பெண்ணாக மேடையேறிப் பாடியவர் இசைவாணி. பி.பி.சி.யின் 2020ஆம் ஆண்டு 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஒரு பாட்டில் சொல் தவறாக இருந்தால் சொல்லை மாற்றச் சொல்லலாம். பையனோடு உட்கார்ந்து வேறு வரி எழுத வைக்கலாம். அதைவிட நல்ல தமிழ்ப் பாடம் ஏது?

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு வகுப்பை ஒதுக்குங்கள். அவரவர் வீட்டில் பாடும் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். தாலாட்டோ, ஒப்பாரியோ, கானாவோ, எதுவானாலும் முழுசாகக் கேளுங்கள். எந்தப் பிள்ளையின் பாட்டுக்கு மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் அதுதான்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைத்தால் மன்னிப்புக் கேட்பேன். அவன் மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆண்டு விழாக்கள் வரப்போகின்றன. தயவுசெய்து மைக்கை அணைக்காதீர்கள்.