கரணையோடு வரும் பகை

பொங்கலுக்குச் சேலம், தருமபுரிப் பக்கம் சென்று பெங்களூர் திரும்பும் நம் குடும்பங்களின் மூட்டைகளில், முறுக்கும் அதிரசமும் இருப்பது போலவே, ஈரத்துணியில் சுற்றிய வாழைக்கன்றோ நாலு மரவள்ளிக் கரணைகளோ இருப்பது வழக்கம். இங்கிருந்து ஊருக்குச் செல்லும்போது நாற்றுப்பண்ணையில் வாங்கிய பூச்செடி உடன் செல்லும். பிறந்த மண்ணோடு உறவு அறாதிருக்க விழையும் அன்பின் அடையாளம் அது. அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், அச்செடியோடு பயிர்ப்பகை ஒன்றும் பயணம் செய்யக்கூடும் என்பதை அன்பர்கள் உணர்தல் வேண்டும்.

தென் அமெரிக்காவிற்குரிய மரவள்ளி மாவுப்பூச்சி, 1970-களில் ஆப்பிரிக்காவிற் புகுந்து, அக்கிழங்கையே உணவாகக் கொண்ட எளிய மக்களை வாட்டியது. 2020-இல் கேரளத்துத் திருச்சூரில் தோன்றியது. பின்னர், ஜவ்வரிசிக்குப் பெயர்பெற்ற சேலம் வட்டாரத்தையும் தாக்கி, குருத்தைச் சுருட்டிப் பயிரைக் குன்றச் செய்தது. இப்பூச்சிக்குச் சிறகில்லை, ஆண் துணையின்றியே பல நூறு முட்டைகள் இடும். ஆதலின், புதிய ஊரொன்றிற் பரவ ஒரே ஒரு பூச்சி போதும். மரவள்ளிக்கு நாம் விதை விதைப்பதில்லை. தண்டையே வெட்டி நடுகிறோம். தண்டில் ஒட்டிய பூச்சிக்கு அதுவே வாகனமாகிறது.

இதற்கு மாற்றுத் தேடியது நம் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனமே. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து, இப்பூச்சியை அழிக்கும் சிறு குளவியினத்தை வருவித்துப் பெருக்கி, 2022-இல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் வயலில் விடத் தொடங்கினர். குளவி தேடக் கடல் கடக்க நேர்ந்தது. பகை பரவவோ ஒரு கரணை போதுமானதாயிருந்தது!

வெளிநாட்டுச் செடிகளைத் தடுக்க 1914-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டு ஆணையும் உள்ளன. துறைமுகத்தில் சோதனை உண்டு. ஓசூர்ச் சாலையில் நம் பையைப் பிரித்துப் பார்ப்பவர் யார்? ‘நாலு குச்சிக்கு இத்தனை கட்டுப்பாடா?’ என்பார் உளர். நாற்றைச் சோதித்து விற்பது செலவு என்று பண்ணைக்காரர் வருந்துவதிலும் நியாயம் உண்டு. ஆனால், சோதியாத நாற்றின் விலையைக் கொடுப்பவர் வாங்கியவர் அல்லர். ஊரில் நிலத்தை நம்பி வாழும் நம் அண்ணன் தம்பியரே. ஆதலின், சோதித்த நாற்றுக்குச் சற்று மிகுதியாகக் கொடுப்பது நம் கடமை.

வாங்கும் செடியின் குருத்தையும் இலையின் அடிப்புறத்தையும் பாருங்கள். வெண்பஞ்சு போன்று படிந்திருப்பின் வாங்காதீர்கள். புதுச் செடியை இரு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து கிழங்கைத் தாராளமாகக் கொணர்ந்து அவித்து உண்ணுங்கள். கரணையை மட்டும் அங்கேயே விட்டு வாருங்கள்.