பத்து விரல் எதற்கு?

தினம் எட்டு மணி நேரம் கீபோர்டு முன்னால் உட்காருகிறவரா நீங்கள்? அப்படியானால் ஒரு கேள்வி. எத்தனை விரலால் அடிக்கிறீர்கள்? பத்து இருக்க, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கோழி மாதிரி கொத்துகிற கட்சிதானே? கேட்டால், 'அப்படியே பழகிப் போச்சு சார்' என்பீர்கள்.

முன்பெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததுமே தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிடுவார்கள். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. கம்ப்யூட்டர் வந்தது, 'டைப்பிங்கா, அது கிளார்க் வேலை' என்று ஒதுக்கிவிட்டோம். வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம்தான் டாக்டர், வக்கீல், இன்ஜினீயர் எல்லோருமே டைப்பிஸ்ட் ஆனார்கள். பயிற்சி பெறாத டைப்பிஸ்ட்!

நஷ்டம் வேகம் மட்டுமல்ல. கண் சாவியைத் தேடும் அந்த அரை விநாடியில் மனசில் இருந்த வாக்கியம் நழுவிவிடுகிறது.

இதற்கு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. 'க்னூ டைப்பிஸ்ட்' என்று ஒரு புரோகிராம். லினக்ஸின் டெர்மினலில், அதாவது எழுத்து மட்டுமே தெரிகிற அந்தக் கறுப்புத் திரையில் ஓடும். 'ஜிடைப்பிஸ்ட்' என்று அடித்தால் பாடப் பட்டியல் வரும். படம் கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு வரி காட்டும். கீழே அதையே நீங்கள் அடிக்க வேண்டும். நூற்றுக்கு மூன்று பிழைக்கு மேல் போனால், 'மறுபடி செய்' என்று அதே பயிற்சிக்குத் திருப்பி அனுப்பும். பழைய இன்ஸ்டிடியூட் வாத்தியாரேதான், பிரம்பு மட்டும் இல்லை.

'இதைப் போய் எந்தக் குழந்தை உட்கார்ந்து கத்துக்கும்? கலர் கலரா கேம்ஸ் இருக்கே!' என்று ஆட்சேபிப்பீர்கள். அந்த கேம்ஸில் வானத்திலிருந்து எழுத்து விழும், அடித்தால் வெடிக்கும். இரண்டு விரலால் அடித்தாலும் வெடிக்கும். குழந்தை ஜெயிக்கும், விரல் பழகாது.

'இனிமே பேசினாலே போதும், அதுவே டைப் அடிச்சிடும்' என்பது அடுத்த வாதம். நாற்பது பேர் உட்காரும் ஆபீஸில் நாற்பது பேரும் பேசிப் பாருங்கள். அது தப்பாகக் கேட்டு எழுதியதைத் திருத்தவும் விரல்தான் வேண்டும்.

தமிழில் நிலைமை இன்னும் மோசம். 1999-ல் சென்னையில் மாநாடு கூட்டி, தமிழ்நாடு அரசு 'தமிழ்99' விசைப்பலகையை அங்கீகரித்தது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'அம்மா'வுக்கு நான்கே தட்டு. நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். நாம் என்ன செய்கிறோம்? 'தமிழ்' என்று எழுதவே ஆங்கிலத்தில் ஏழு எழுத்து தட்டுகிறோம். தமிழ்99-ல் ஐந்து போதும். தாய்மொழியை எழுத மனசுக்குள் ஒரு ஸ்பெல்லிங் டெஸ்ட்!

கறுப்புத் திரைக்குத் தமிழ் சரிவராது, வாஸ்தவம். அது எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் நிறுத்தும். நம் 'ணௌ' அதில் அடங்காது. ஆனால் விரலுக்குத் திரையைப் பற்றிக் கவலையில்லை. எல், கே, எஸ், சாய்கோடு, எஃப் என்று வரிசையாக அடித்தால், தமிழ்99-ல் அதுதான் 'தமிழ்'. இந்த புரோகிராமின் பாடங்கள் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள். விளக்கத்துக்கு ஓர் எழுத்து, பயிற்சிக்கு ஓர் எழுத்து என்று வரி முன்னால் போட்டால் பாடம் தயார். ஒரு பள்ளி ஆசிரியர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதிவிடலாம்.

2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தது. நல்ல காரியம். கூடவே பத்து விரலுக்கும் வேலை சொல்லிக் கொடுத்தோமா? கம்ப்யூட்டர் லேபில் பவர்பாயிண்ட்டில் பூப்போட நேரம் இருக்கிறது. தினம் பதினைந்து நிமிஷம் டைப்பிங்குக்கு இல்லையாம்.

பெற்றோர்களே, அடுத்த பேரன்ட்-டீச்சர் மீட்டிங்கில் மார்க்கை அப்புறம் கேளுங்கள். 'என் பிள்ளை கீபோர்டைப் பார்க்காம அடிப்பானா?' என்று முதலில் கேளுங்கள். அதற்கு முன்னால், வீட்டில் நீங்கள் ஒரு தரம் அடித்துப் பார்த்துவிடுவது உத்தமம்.