தொங்கும் 13 வீடுகளும் ஒரு குன்றும்

எம்விஆர்டிவி என்றதும் ஏதோ டிவி சனல் என்று நினைக்காதீங்கோ. மாஸ், வான் ரைஸ், டி விறீஸ் என்ற மூவர் 1993இல் ரொட்டர்டாமில் தொடங்கிய கட்டடக்கலை நிறுவனம் அது. அவர்களின் பெயரெழுத்துகளே நிறுவனத்தின் பெயர்.

இவர்களுடைய கட்டடப் படங்களை 'வித்தியாசமா இருக்கு' என்று எல்லாரும் பகிர்கிறோம். வடிவத்துக்குப் பின்னாலுள்ள கணக்கை ஆரும் பார்ப்பதில்லை.

அம்ஸ்டர்டாமின் ஓஸ்டோர்ப் பகுதியில் முதியவர்களுக்கு ஒரு தொடர்மாடி தேவைப்பட்டது. கேட்டது 100 வீடுகள். வெளிச்ச விதிகளின்படி கட்டடத்துக்குள் அடங்கியது 87. மிச்சம் 13ஐயும் நிலத்தில் கட்டினால் சுற்றியுள்ள திறந்தவெளி போய்விடும். ஆகவே அவற்றை வடக்குச் சுவரிலிருந்து வெளியே நீட்டி அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். 1997இல் முடிந்த அந்தக் கட்டடம் பார்க்க விளையாட்டுப் போலத்தான் இருக்கும். ஆனா தொங்குகிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஆட்கள் வாழ்கிறார்கள்.

இனி 2021க்கு வருவோம். ஒக்ஸ்போர்ட் வீதிக்குச் சனத்தை இழுக்க, லண்டன் மார்பிள் ஆர்ச்சில் இதே நிறுவனம் 25 மீற்றர் உயரச் செயற்கைக் குன்றொன்றை வடிவமைத்தது. செலவு 33 இலட்சம் பவுணிலிருந்து 60 இலட்சமாக ஏறியது. டிக்கெட் எடுத்து ஏறினவர்கள் வாடின புல்லைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச நாளிலேயே அனுமதியை இலவசமாக்க வேண்டியதாயிற்று.

கெட்டித்தனம் இரண்டிலும் ஒன்றுதான். முதலாவதில் அது ஒரு தேவைக்கு வேலை செய்தது. இரண்டாவதில் வேடிக்கை காட்டியது. அடுத்தமுறை ஒரு கட்டடப் படத்தைப் பகிரமுதல் இதைக் கேட்போமா: இந்த வடிவம் ஆருக்கு இடம் கொடுக்குது?